விதியும் வினாவும்

தமிழில் விதி என்னும் சொல் இரு பொருள் தந்து நிற்கிறது. இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று ஏவும் கட்டளைக்கும் விதி என்று பெயர். மனிதனால் மாற்ற இயலாதென்று கருதப்படும் ஊழுக்கும் விதி என்றே பெயர். காரணம் கேட்க இடந்தராத கட்டளை நாளடைவில் ஊழின் தன்மையைப் பெற்றுவிடுகிறது என்னும் உண்மையை இச்சொல் நமக்கு நினைவூட்டுவதாகக் கொள்ளலாம். அத்தகைய கட்டளைக்கு உட்பட்டவன் அதனை மீறாதிருக்கலாம். ஆனால் அதனைத் தன்னுடையதாக ஏற்பதில்லை. மழையையும் வெயிலையும் பொறுத்துக்கொள்வது போல அதனையும் பொறுத்துக்கொள்கிறான். குடை கிடைத்த அன்று ஒதுங்கிக்கொள்கிறான்.

இச்சிந்தனையைப் பள்ளிக்கூடத்தின் வாயிலில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒரு மாணவன் தன் பள்ளியின் விதிகளைப் பற்றி ஒரு கருத்துக் கொள்கிறான். அக்கருத்துக்கு மதிப்பு உண்டா? உண்டெனில் எவ்வளவு? நாம் ஆராயப் புகும் வினா இதுவே.

மாணவர் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் சிறியவை. தலைமுடி இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரலாகாது என்பது ஏன்? பேருந்து வராமையால் ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனும் வேண்டுமென்றே பிந்தி வந்தவனும் ஒரே வெயிலில் நிற்பது எப்படி நேர்மையாகும்? ஒருவன் செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதும் தண்டனை பெறுவது என்ன நியாயம்? மாணவிக்கு விலக்கப்பட்டது மாணவனுக்கு விலக்கப்படாதது எதனால்? நமக்குக் கைபேசி ஆகாது எனில் வகுப்பின் நடுவே ஆசிரியர் அதில் உரையாடலாமா? பெரியவர்கள் இவற்றைக் கேட்டு முறுவலிப்பதும் உண்டு, முகஞ்சுளிப்பதும் உண்டு. எனினும் இவ்வினாக்களை ஊன்றி நோக்கினால், நீதி நூல்கள் காலங்காலமாக ஆராயும் பெரும்பொருள்கள் இவற்றினுள் அடங்கியிருக்கக் காண்போம். குற்றத்துக்கேற்ற தண்டனை, குற்றமற்றவனைத் தண்டியாமை, யாவர்க்கும் ஒரே நீதி, விதியை இயற்றுவோனும் விதிக்கு உட்படுதல் ஆகியவையே அவை. அரசியல் மேடைகளில் இவற்றை முழங்குகிறோம். பள்ளிப் பையன் கேட்டால் மட்டும் வாயடக்கம் வேண்டும் என்கிறோம்.

இப்பருவத்தில் இவ்வினாக்கள் எழுவதற்குக் காரணம் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜே 1932-ஆம் ஆண்டில் குழந்தைகளின் அறவுணர்வைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அதற்காக அவர் கையாண்ட வழி எளியது. தெருவிலும் பள்ளியிலும் சிறுவர் கோலி விளையாடுவதைக் கவனித்தார். ஆட்டத்தின் விதிகளை யார் செய்தார், அவற்றை மாற்றலாமா என்று அவர்களையே வினவினார். மிகச் சிறிய பிள்ளைகள் அவ்விதிகள் என்றும் உள்ளவை, தந்தையோ கடவுளோ தந்தவை, மாற்றினால் பிழை என்று கருதினர். ஆனால் அப்பிள்ளைகளே ஆடும்போது அவ்விதிகளைச் சரியாகப் பின்பற்றினாரில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதை எட்டியவர்களோ, விதி என்பது ஆடுவோர் அனைவரும் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு என்றும், எல்லோரும் இசைந்தால் மாற்றலாம் என்றும் கூறினர். இவர்கள்தாம் விதிகளை மிகக் கவனமாகப் பின்பற்றியவர்கள். விதியைத் தெய்வீகமென்று எண்ணியவன் அதனை நழுவவிட்டான். உடன்பாடென்று உணர்ந்தவன் காத்தான். இந்த முடிவு நம் சிந்தனைக்குரியது. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஏன் என்று கேட்பது அறவுணர்வு முதிர்ந்து வருவதன் அடையாளம். அதனைச் செருக்கென்று கொள்வது, மீசை அரும்புவதைக் குற்றமென்று கொள்வதற்கு ஒப்பாகும்.

இனி, விதிகளைப் பற்றிக் கருத்துக் கொண்டிருந்த ஒரு மாணவனின் வரலாற்றைக் காண்போம். கத்தியவார் பகுதியில், இராஜகோட்டை நகரின் உயர்நிலைப் பள்ளியில், 1880-களில் அவன் பயின்றான். பிற்காலத்தில் ஆல்பிரட் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்று, 2017-இல் மூடப்பட்டு, 2018-இல் அம்மாணவனின் நினைவாகவே காட்சியகமாகத் திறக்கப்பட்ட பள்ளி அது. மாணவனின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அப்பள்ளியின் தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கீமி என்னும் பார்சி பெருமகனார். கண்டிப்பும் ஒழுங்கும் உடையவர், நன்கு கற்பிப்பவர், மாணவரால் விரும்பப்பட்டவர். மேல்வகுப்பு மாணவர் அனைவரும் உடற்பயிற்சியிலும் கிரிக்கெட் ஆட்டத்திலும் கலந்துகொள்ள வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். மோகன்தாஸுக்கு அவ்விதி பிடிக்கவில்லை. நோயுற்றிருந்த தந்தைக்குப் பணிவிடை செய்வதே அவன் விருப்பம். பள்ளி விட்டதும் வீட்டுக்கு விரைந்துவிடுவான். உடற்பயிற்சியிலிருந்து விலக்களிக்குமாறு வேண்டினான். தலைமையாசிரியர் இசையவில்லை.

ஒரு சனிக்கிழமை. காலையில் மட்டும் வகுப்பு. மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சிக்காக மீண்டும் பள்ளிக்கு வரவேண்டும். அவனிடம் கடிகாரம் இல்லை. வானம் மூடியிருந்தமையால் பொழுது தெரியவில்லை. அவன் பள்ளியை அடைந்தபோது மாணவர் அனைவரும் கலைந்து சென்றிருந்தனர். பின்னர் வருகைப் பதிவேட்டைப் பார்த்த தலைமையாசிரியர் காரணம் கேட்டார். நடந்ததை நடந்தவாறே சொன்னான். அவர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ தண்டம் விதித்தார்.

அந்தத் தண்டத்தின் அளவையே நாற்பதாண்டு கழித்து எழுதப்பட்ட சத்திய சோதனை ஐயத்தோடு குறிக்கிறது. ஆனால் பொய்யன் என்று முடிவு கட்டப்பட்டதன் வேதனையை அந்நூல் சிறிதும் மறக்கவில்லை. தான் பொய் சொல்லவில்லை என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்று அறியாமல் அச்சிறுவன் அழுதான். பின்னர் தந்தை எழுதிய கடிதத்தால் விலக்குக் கிடைத்தது. தண்டமும் நீக்கப்பட்டதாக அவருக்கு ஒரு மங்கலான நினைவு.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன; அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண்பது நம் வினாவுக்குப் பெரிதும் துணைசெய்யும்.

முதலாவது, விதியின் தகுதி. உடற்பயிற்சி கட்டாயம் என்னும் விதி நல்ல விதியே. கல்விக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை என்று இளமையில் தாம் எண்ணியது தவறு என்றும், உள்ளப் பயிற்சிக்குக் கொடுக்கும் இடத்தை உடற்பயிற்சிக்கும் கொடுக்க வேண்டும் என்றும் காந்தியடிகளே பின்னாளில் எழுதினார். ஆக, விதியைப் பற்றி அம்மாணவன் கொண்ட கருத்துப் பிழையானது.

இரண்டாவது, விலக்கு. விதி நல்லதாயினும், நோயுற்ற தந்தைக்குப் பணிபுரிய விழையும் மகனுக்கு அதனை நெகிழ்த்தலாமா என்பது வேறு வினா. இதில் மாணவன் பக்கம் நியாயம் இருந்தது. தந்தையின் கடிதம் வந்ததும் அதே பள்ளி அதே விலக்கை அளித்தது. நியாயம் மாறவில்லை, சொன்னவரின் வயதுதான் மாறியது.

மூன்றாவது, நம்பிக்கை. இதுவே தலையாயது. மாணவன் மெய் சொன்னான், பெரியவர் நம்பவில்லை. நேர்மையாளராகிய அத்தலைமையாசிரியர், தாம் நேர்மையின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொண்டே மெய்யைத் தண்டித்துவிட்டார். விதியில் பிழையில்லை, விதித்தவரிடம் தீய எண்ணமும் இல்லை, ஆயினும் அநீதி நிகழ்ந்துவிட்டது. கேளாமையே அதற்குக் காரணம்.

நாம் சொல்ல விழைவது இதுவே. மாணவனின் கருத்துச் சரியானது என்பதனால் அதனைக் கேட்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பல வேளைகளில் அது பிழையாகவே இருக்கும். பிழையான கருத்தையும் கேட்டாக வேண்டும் என்பதே நம் துணிபு. கேட்கப்படாத பிழை திருத்தப்படுவதில்லை. உள்ளே தங்கி வெறுப்பாக இறுகுகிறது. மேலும், பிழையான கருத்தோடு மெய்யான ஒரு செய்தியும் கலந்து வரலாம். கருத்தைக் கேட்க மறுப்பவர் அச்செய்தியையும் இழக்கிறார். மெய் சொல்லியும் தண்டம் பெற்ற சிறுவர் எல்லோரும் இனி இன்னும் விழிப்போடு இருப்பேன் என்று உறுதிகொள்ளும் மோகன்தாஸ்களாக இருப்பதில்லை. பொய்க்கும் மெய்க்கும் ஒரே விலை என்றால் எளிதில் சொல்லத்தக்கது எதுவோ அதனைச் சொல்வோம் என்று துணிவோரே பலர். விதியைக் காப்பதற்காக மெய்யை இழக்கும் பள்ளி, முதலைக் காப்பதற்காக நிலத்தை விற்ற உழவனைப் போன்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். ஆயிரம் மாணவர் பயிலும் பள்ளியில் ஒவ்வொருவனும் ஏன் என்று கேட்டால் மணி அடிப்பது எப்போது, பாடம் நடப்பது எப்போது? அடியாத மாடு படியாது என்று முன்னோர் சொன்னது வீணா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. எல்லா விதிகளும் ஒரு நிகரானவை அல்ல என்பதை உணர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். வேதியியல் கூடத்தில் அமிலக் குப்பியை ஆசிரியரின்றித் தொடாதே என்பது உயிரைக் காக்கும் விதி. முதலில் கீழ்ப்படிந்துவிட்டுப் பின்னர்க் காரணம் கேட்கலாம். வரிசையில் நில், குறித்த நேரத்தில் வா என்பன பலர் கூடி வாழ்வதற்கான விதிகள்; இவற்றின் காரணம் ஒருமுறை சொன்னால் எவர்க்கும் விளங்கும். இவ்விரண்டிலும் சேராமல், பள்ளியின் பெருமைக்காகவோ நிருவாகத்தின் வசதிக்காகவோ வழக்கம் என்பதற்காகவோ நிற்கும் விதிகள் சில உண்டு. மாணவரின் வினாக்கள் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையையே சுற்றி வருகின்றன. பள்ளிகள் மிகுந்த சினத்தோடு காப்பதும் இவ்வகையையே. காரணம் சொல்ல இயலாத இடத்தில்தான் குரல் உயர்கிறது.

அத்தகைய விதிக்குச் சான்று ஒன்று தருகிறோம். பள்ளி எல்லைக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் தண்டம் என்பது நம் நாட்டின் நகரங்கள் பலவற்றில், தனியார் பள்ளிகள் சிலவற்றில், கைக்கொள்ளப்படும் விதி. ஆங்கிலப் பயிற்சி பெருகவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்நோக்கம் தவறன்று. ஆனால் கால் இடறி விழுந்த சிறுமி அம்மா என்று அலறினால் அது குற்றமா? இடைவேளையில் உணவைப் பகிரும்போது தாய்மொழியில் ஒரு சொல் வந்துவிட்டால் அதற்குக் கட்டணமா? பயிற்சி என்னும் நோக்கத்துக்கு வகுப்பு நேரம் போதுமே என்று ஒரு மாணவன் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்? தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழ்ந்து, மாலை வகுப்புகளிலும் சங்கக் கூடங்களிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தறிவிக்கப் பாடுபடும் நம்மனோர்க்கு இவ்வினாவின் கூர்மை நன்கு விளங்கும். மாலையில் மதிக்கச் சொன்ன மொழிக்குக் காலையில் தண்டம் கட்டும் பிள்ளை, இரு பெரியோருள் எவரை நம்பும்?

விதிக்குக் காரணம் மட்டுமன்றி, அதனை இடுவதற்கு உரிமையும் வேண்டும் என்பதை நம் நாட்டு நீதிமன்றமே தெளிவாக்கியுள்ளது. 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கேரள மாநிலத்தில் ஒரு பள்ளியிலிருந்து உடன்பிறந்தோர் மூவர் நீக்கப்பட்டனர். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் பயின்ற பிள்ளைகள். நாட்டுப்பண் இசைக்கப்படும்போது அவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றனர். ஆனால் தம் சமய நம்பிக்கை காரணமாக உடன் பாடவில்லை. உயர்நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அவர்கள் வழங்கிய தீர்ப்பு, அப்பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. எழுந்து நிற்பதே மரியாதை. அவர்கள் அவமதிப்பு எதுவும் செய்யவில்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்று சட்டமாகிவிடாது, அதனைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க இயலாது என்பன அத்தீர்ப்பின் சாரம். அப்பிள்ளைகளின் நம்பிக்கை நமக்கு உடன்பாடாக இருக்கவேண்டும் என்பதில்லை. நீதிமன்றமும் அந்நம்பிக்கை சரியா என்று ஆராயவில்லை. அது உள்ளத்தால் மெய்யாகக் கொள்ளப்பட்டதா என்றே நோக்கியது. இராஜகோட்டையில் நிகழாதது இங்கே நிகழ்ந்தது. பிள்ளைகளின் சொல் நம்பப்பட்டது.

காலம் இவ்வழியில் மெல்லவேனும் நகர்ந்தே வந்திருக்கிறது. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று கூறிப் பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்த தந்தையர் இந்நாட்டில் வாழ்ந்தனர். இன்றோ, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையின் உடலை வருத்துவதையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் ஒருசேர விலக்குகிறது. தம்மைப் பற்றிய செய்திகளில் தம் கருத்தைச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமையுண்டு என்று கூறும் 1989-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. ஆயினும் சட்டம் பிரம்பைப் பிடுங்கலாம். காதைத் திறக்கச் சட்டத்தால் ஆகாது.

மாணவனுக்கும் இங்கே சொல்லவேண்டியது உண்டு. கேட்கும் உரிமை கேட்கும் முறையோடு பிறந்தது. ஆசிரியனிடம் மாணவன் நிற்கவேண்டிய நிலையைப் பவணந்தியார், தீக்காய்வானுக்கு ஒப்பிட்டார். மிக நெருங்கவும் கூடாது, விலகிப் போகவும் கூடாது. அதே நன்னூல்தான் ஐயங்களை வினாவுதலையும், வினாவப்பட்டவற்றுக்கு விடையளித்தலையும் கற்போனின் கடன்களுள் வைத்து எண்ணுகிறது. பணிவும் வினாவும் பகையல்ல என்பது நம் இலக்கண ஆசிரியர் கண்ட உண்மை. ஆகவே ஒரு விதியை எதிர்க்கப் புகுமுன் மாணவன் தன்னையே சில வினாக்கள் வினவிக்கொள்ளட்டும். இவ்விதி எனக்குப் பிடிக்கவில்லையா, அல்லது இது நேர்மையற்றதா? இரண்டும் ஒன்றல்ல. இது நீங்கினால் நன்மை எனக்கு மட்டுமா, எல்லோர்க்குமா? நான் ஆசிரியராக இருந்தால் இதற்கு மாற்றாக எதனைச் செய்வேன்? மறைவாக மீறுகிறேனா, வெளிப்படையாக வேண்டுகிறேனா? மறைவாக மீறுபவன் விதியை மாற்றுவதில்லை. தன்னை மட்டும் அதிலிருந்து திருடிக்கொள்கிறான்.

மோகன்தாஸின் பள்ளி வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. ஆய்வுக்கு வந்த ஜைல்ஸ் என்னும் அலுவலர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ஒரு சொல்லை மோகன்தாஸ் பிழையாக எழுதினான். அடுத்தவனின் பலகையைப் பார்த்து எழுதுமாறு ஆசிரியரே காலணி முனையால் குறிப்புக் காட்டினார். பார்த்தெழுதலாகாது என்பது விதி. பார்த்தெழுது என்பது விதியைக் காக்கவேண்டியவரின் குறிப்பு. அவன் பார்த்தெழுதவில்லை. அதனால் ஆசிரியரிடத்து அவன் கொண்ட மதிப்பும் குறையவில்லை என்று பின்னர் எழுதுகிறார். விதியின் உட்பொருளை உணர்ந்தவனே, விதிப்பவர் தவறும்போதும் அதனைத் தாங்கி நிற்க வல்லவன். வெறும் அச்சத்தால் படிந்தவன், அஞ்சத்தக்கவர் கண்சிமிட்டினால் எதையும் செய்துவிடுவான்.

அம்மாணவரே பின்னாளில் ஆசிரியராக நின்றபோது என்ன செய்தார் என்பதையும் கூறவேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். எவர்க்கும் அடங்காத ஓர் இளைஞனை ஒருநாள் சினம் மேலிட்டு அளவுகோலால் கையில் அடித்துவிட்டார். அடித்தவரின் உடல் நடுங்கியது. அடியுண்டவன் திருப்பித் தாக்கும் வலிமை உடையவன். எனினும் மன்னிப்புக் கேட்டு அழுதான். அந்த அடிக்காகத் தாம் என்றும் வருந்துவதாகவும், பின்னர் எவரையும் அடிக்கவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். தன் செயலுக்குத் தன்னிடமே காரணம் கேட்கும் ஆசிரியரிடம், காரணம் கேட்கும் மாணவன் துணிவோடு நிற்பான்.

அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நம் நாட்டில் பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் பிள்ளை சில திங்களில் நாட்டின் சட்டங்களை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஏன் என்று கேளாதே என்று பயிற்றிவிட்டு, ஒருநாள் காலையில் வாக்குச்சீட்டைக் கையில் தந்து நன்கு சிந்தித்துத் தேர்ந்தெடு என்று கூறுகிறோம். நீந்தப் பழக்காமல் ஆற்றில் இறக்கும் செயல் அன்றோ இது?

எனவே பள்ளிகளுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் மிக எளியது. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளியின் விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் காரணத்தைச் சொல்லுங்கள். மாணவர் மறுப்புரைத்தால் இடைமறியாது கேளுங்கள். ஏற்கத்தக்கதை ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்க இயலாததற்கு ஏன் இயலாது என்று கூறுங்கள். பத்து விதிகளில் எட்டுக்குக் காரணம் எளிதில் கிடைக்கும். அந்த எட்டும் அன்றுமுதல் முன்னிலும் நன்றாகக் காக்கப்படும். காரணம் கிடைக்காத இரண்டைப் பற்றி, மாணவர் வீடு திரும்பியபின் ஆசிரியர்கள் தமக்குள் அமர்ந்து பேசுவார்களாக.